கிருமிகளோடு குடித்தனம்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு கையேடு

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. வாழ்த்துகள். ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் காலையில் ரயில் ஏறி, நின்றபடியே தூங்கி, ஆய்வகக் கதவைத் தோளால் தள்ளித் திறக்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சரியான முறையைப் பாடப்புத்தகம் சொல்லித் தந்துவிடும். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்றாவது மாதத்திலிருந்து எல்லாரும் எப்படிச் செய்கிறார்களோ, அதை முதல் நாளே கற்றுக்கொண்டால் எவ்வளவு நேரம் மிச்சம்! பேனாவை எடுங்கள். உங்களுடையது வேண்டாம், ஆய்வக மேசையில் கிடக்கிறதே, அது. மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கலாம்.

1. கோட்டைக் கழற்றாதீர்கள்

வெள்ளைக் கோட்டுதான் உங்கள் அந்தஸ்து. சாப்பிடப் போகும்போதும் அதுவே இருக்கட்டும். கையுறையையும் கழற்ற வேண்டாம். மின்தூக்கிப் பொத்தான், கதவுக் கைப்பிடி, கைத்தொலைபேசி, மூக்கு, இந்த வரிசையில் தொட்டுக்கொண்டே போங்கள். கையுறை காப்பாற்ற வேண்டியது உங்கள் கையை. பொத்தானைப் பற்றிக் கவலைப்படக் கட்டட நிர்வாகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை கோட்டைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அக்கா பிள்ளையின் சட்டைகளோடு சேர்த்து அம்மா துவைத்துப் போடுவார்.

2. எத்தனால் கூடுதலாக இருக்கட்டும்

மேசையைத் துடைக்க 70 விழுக்காடு எத்தனால் என்று ஒட்டி வைத்திருப்பார்கள். சிக்கனக்காரர்கள். நீங்கள் 95 ஊற்றுங்கள். புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும். அடர்த்தி மிகுந்த எத்தனால் கிருமியின் மேற்புறத்தை மட்டும் சட்டென்று உறைய வைத்துவிட்டு, உள்ளே போகும் முன்பே ஆவியாகிவிடும் என்றெல்லாம் மூத்தவர் ஒருவர் விளக்க வருவார். தலையாட்டிவிட்டு ஊற்றுங்கள். தெளித்த கையோடு துடைத்தும் விடுங்கள்.

3. பிப்பெட்

வாயால் உறிஞ்சி அளப்பதுதான் இந்தத் தொழிலின் மூத்த மரபு. 1893இல் ஒரு மருத்துவர் டைஃபாய்டு கிருமிக் கரைசலை அப்படி உறிஞ்சி, கொஞ்சம் அதிகமாகவே உறிஞ்சிவிட்டார். வாய்-பிப்பெட்டால் வந்த ஆய்வகத் தொற்றுகளில் ஏட்டில் ஏறிய முதலாவது அதுதான். 1957இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் என்பவர் ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் பிப்பெட்டைச் செய்து நம் வாய்க்கு வேலை இல்லாமல் ஆக்கிவிட்டார். போகட்டும், கட்டைவிரலாலும் சாதிக்கலாம்.

பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதலாவது அளவுக்கு, இரண்டாவது கடைசிச் சொட்டை வெளியேற்ற. நீங்கள் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்துங்கள். அளவு தாராளமாக வரும். வெளியேற்றும்போது நுனியைக் கரைசலுக்குள் அமிழ்த்தி ஓங்கி ஊதுங்கள். குமிழ் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாதது இல்லாததற்குச் சமம். டிப்பை மாற்ற வேண்டாம். அதே டிப், அதே கிருமி, அடுத்த டியூப். ஒரு பெட்டி டிப் என்ன விலை தெரியுமா?

4. அகார்த் தட்டு

இதில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் கெடுப்பதற்குச் சுவை கூடும். 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் ஜெலட்டின் மீது பாக்டீரியா வளர்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகும். உருகாவிட்டால் பாக்டீரியாவே அதைத் தின்றுவிடும். அவர் மனைவி ஃபேனி, தம் ஜெல்லி மட்டும் கோடையிலும் கட்டியாக நிற்பதன் இரகசியத்தைச் சொன்னார்: அகார்-அகார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு குடும்பத்திடம் அவர் கற்ற சமையல் குறிப்பு அது. ஆக, உலகத்து நுண்ணுயிரியல் முழுக்க நம் பக்கத்துப் பலகாரத்தின் மேல்தான் வளர்ந்திருக்கிறது. கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகாரைக் குறிப்பிட்டார், அம்மையாரைக் குறிப்பிடவில்லை. இதுவும் பாடத்திட்டத்தில் சேர்ந்ததுதான். யோசனை யாருடையதானாலும் கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வரட்டும்.

இப்போது செய்முறை. அகார் கொதித்து இறங்கியதும் ஆற விடாமல் ஊற்றுங்கள். மூடியில் ஆவி முத்து முத்தாய்ப் படியும். தட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள். முத்துகள் சொட்டி, தனித்தனியாக வளர வேண்டிய கிருமிக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே குளமாகட்டும். மூடியை முழுசாகத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நேற்றைய பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். லூப்பைத் தீயில் சிவக்கக் காட்டி, சூடு தணியும் முன்பே கிருமியில் வையுங்கள். 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதுவரை உயிரோடு இருந்த உங்கள் மாதிரியின் கடைசிச் சத்தம் அது. மறுநாள் தட்டில் எதுவும் வளராது. அறிக்கையில் 'கிருமி இல்லை' என்று எழுதுங்கள். நோயாளிக்கும் மகிழ்ச்சி.

5. கிராம் சாயம்

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்டது. இன்றைய வரிசை: ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், பிறகு சிவப்பு. ஆல்கஹால் கட்டத்துக்குச் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளுக்குள் வாட்ஸ்அப் பாருங்கள்.

6. ஹூட்

உயிரியல் பாதுகாப்பு அலமாரி என்பது அதன் முழுப்பெயர். அலமாரி என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆகவே சாமான் வையுங்கள். டிப் பெட்டி, குறிப்பேடு, பழைய பாட்டில்கள், யாரோ விட்டுப்போன கையுறைப் பெட்டி. முன்விளிம்பில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று இருக்கும். காற்று அதன் வழியாகக் கீழே இறங்குவதால்தான் உள்ளே இருப்பது உங்கள் முகத்துக்கு வராமலும், வெளியே இருப்பது உங்கள் மாதிரிக்குப் போகாமலும் நிற்கிறது. குறிப்பேட்டை வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

கையை வேகமாக உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். கண்ணாடிக் கதவை நெற்றிக்கு மேல் தூக்கிவிடுங்கள், அப்போதுதான் நன்றாகத் தெரியும். எச்சரிக்கை மணி அடிக்கும். அதை அமைதிப்படுத்தும் பொத்தான் வலப்பக்கமோ இடப்பக்கமோ இருக்கும். தேடுங்கள், இந்த ஆய்வகத்தில் நீங்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த இடத்தைத்தான்.

7. ஆட்டோகிளேவ்

1879இல் பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் ஷாம்பெர்லான் செய்து தந்தது. 121 பாகை நீராவி, குறைந்தது 15 நிமிடம். கழிவுப் பையை வாயிறுக்கிக் கட்டுங்கள். பாட்டில் மூடிகளை முழுவதும் திருகுங்கள். எல்லாவற்றையும் நெருக்கி அடையுங்கள். நீராவி நுழைய இடமே இருக்கக் கூடாது, ஒழுங்கீனம். வெளியே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதா? முடிந்தது. டேப்புக்குத் தெரிவது டேப் சூடானது மட்டும்தான். பையின் நடுவில் என்ன நடந்தது என்று அறிய, வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்துகளை உள்ளே வைத்துச் சோதிப்பார்கள் சிலர். அவர்களுக்கு மாலையில் வேறு வேலை இல்லை.

8. கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமம். பம்பாயில் வால்டெமர் ஹாஃப்கின் தயாரித்த பிளேக் தடுப்பூசி 107 பேருக்குப் போடப்பட்டது. ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, வேலையும் போனது. அந்தப் பாட்டிலின் அடைப்பானைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகக் கிருமிநீக்காமல் பயன்படுத்தியதும் பிறகுதான் வெளியே வந்தது. மலேரியாக் கொசுவைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் முதலானவர்கள் பரிந்து பேச, 1907இல்தான் பழி நீங்கியது. ஐந்து ஆண்டு. உங்கள் இடுக்கி விழுந்து ஐந்து விநாடிதான் ஆகிறது. எடுத்து, ஊதி, தொடருங்கள்.

9. எலைசா: எல்லாம் மஞ்சளாகட்டும்

நோய்த்தடுப்பியலுக்கு வந்துவிட்டோம், இங்கே எல்லாம் நாசூக்கு. எங்வாலும் பெர்ல்மனும் 1971இல் தந்த எலைசா முறையின் பெரும்பகுதி கழுவுவதுதான். ஒட்டாத எதிர்ப்பொருளைக் கழுவி அகற்றினால்தான் ஒட்டியதன் நிறம் மட்டும் மிஞ்சும். மூன்று முறை கழுவச் சொன்னால் ஒருமுறை கழுவுங்கள். 96 குழிகளும் பளீரென்று மஞ்சளாகும். வெறும் கரைசல் வைத்த குழியும் மஞ்சளா? அந்தக் குழிக்கும் நோய் எதிர்ப்பு வந்துவிட்டது என்று மகிழுங்கள். அடுத்த முறை அந்தக் குழியையே வைக்காதீர்கள்.

கொவிட் காலத்தில் ஈசூன் வீவக வீடுகளிலெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஏஆர்டி செய்து நாம் எல்லாருமே அரை நோய்த்தடுப்பியலாளர்கள் ஆனோம். மூக்கின் வாசலில் மட்டும் குச்சியைச் சுற்றி, குறித்த நேரத்தில் பார்க்காமல் குளித்துவிட்டு வந்து பார்த்து, மங்கலாகத் தெரிந்த கோட்டைக் குடும்பமாக உட்கார்ந்து வாக்கெடுத்து முடிவு செய்தோமே, அந்தப் பயிற்சி வீண்போகாது.

10. பெயர் எழுதாதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கைப்பழக்கம். இனிமேல்தான் கலை.

முதல் டியூபில் 'A' என்று எழுதுங்கள். அடுத்ததில் 'புதுசு'. அதற்கடுத்ததில் 'புதுசு 2'. தேதி, செறிவு, யார் வைத்தது, எதிலிருந்து எடுத்தது, ஒன்றும் வேண்டாம், உங்களுக்குத்தான் தெரியுமே. சாதாரணப் பேனாவால் எழுதுங்கள். மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து எடுத்து எத்தனாலால் துடைத்ததும் எழுத்து கரைந்து, எல்லா டியூபும் சமத்துவம் அடையும். ஃப்ரீசரில் எந்தத் தட்டில் எது என்ற பட்டியலைத் தொடங்குங்கள், முதல் பக்கத்தோடு விடுங்கள்.

உலகம் முழுக்க இப்படித்தான் வைத்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், தனித்தனி மனிதர்களிடமிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் நம்பி வளர்த்த 18 செல் வகைகளைச் சோதித்து, அத்தனையும் ஹீலா செல்களால் மாசுபட்டவை என்றார். ஹீலா, 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்தது. கல்லீரல் செல், குடல் செல் என்று எழுதிய கட்டுரைகளெல்லாம் ஒரே பெண்ணின் கருப்பைவாயைப் பற்றி எழுதியவையாகிவிட்டன. எவ்வளவு பேருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது என்று பாருங்கள்.

11. இரண்டு கிருமி, ஒரே அறை

இடப்பற்றாக்குறை நம் ஊரின் நிரந்தரக் கதை. ஒன்றை முடித்துச் சுத்தம் செய்த பிறகு இன்னொன்று என்று காத்திருக்காதீர்கள்.

இதற்குச் சிங்கப்பூர் உலகத்துக்கே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 2003இல் சார்ஸ் இங்கே 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொண்டுபோனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்த காலம். மே 31 அன்று உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரில் சார்ஸ் இல்லை என்று அறிவிக்க, ஊர் மூச்சு விட்டது. மூன்று மாதம் முழுசாக முடியவில்லை. முனைவர் பட்ட மாணவர் ஒருவர், வயது 27, சுற்றுப்புறச் சுகாதாரக் கழகத்தின் ஆய்வகத்துக்கு ஆகஸ்ட் 23 அன்று வேலை செய்ய வந்தார். அவருடைய கிருமி வெஸ்ட் நைல். சார்ஸோடு அவருக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் அதே ஆய்வகத்தில் சார்ஸ் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 26, காய்ச்சல். செப்டம்பர் 3, சிங்கப்பூர் பொது மருத்துவமனை. செப்டம்பர் 9, நாடே அறிந்தது. அந்த மாதமே, வெளிநாட்டு வல்லுநர்களும் இருந்த விசாரணைக் குழு காரணத்தைச் சொன்னது: முறையற்ற ஆய்வக நடைமுறை; வெஸ்ட் நைல் மாதிரிக்குள் சார்ஸ் கிருமி கலந்திருந்தது. மாணவர் குணமானார், வேறு யாருக்கும் பரவவில்லை. ஆய்வகத்தை மூடினார்கள்.

திரைப்படத்தில் வருகிற மாதிரி கண்ணாடிக் குப்பி நழுவி, சிவப்பு விளக்கு சுழன்று, இரும்புக் கதவு மூடி, எதுவும் தேவைப்படவில்லை பார்த்தீர்களா? டியூபுக்குள் எழுதாத ஒன்று இருந்தது. அவ்வளவுதான். இதற்குப் பிறகு உயிரியல் கிருமிகள், நச்சுகள் சட்டம் என்று ஒன்று வந்து, 2006 முதல் எதை வைத்திருக்கலாம், எங்கே, யார் அனுமதியோடு என்று கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். படிவங்கள் நீளமானவை. போன ஆண்டுப் படிவத்தையே நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுங்கள்.

12. செத்துவிட்டதா என்று பார்க்காதீர்கள்

கிருமியை மருந்து போட்டுக் கொன்றாயிற்று என்று யாராவது சொன்னால் நம்புங்கள். கொன்றதைத் திரும்ப வளர்த்துப் பார்த்து உறுதி செய்வது சக ஊழியர் மேல் சந்தேகப்படுவது போலாகும். பெய்ஜிங்கில் 2004இல் அந்த நாகரிகத்தைக் காத்தார்கள். செயலிழந்தது என்று நம்பிய சார்ஸ் கிருமியைப் பாதுகாப்பு குறைந்த அறைக்குக் கொண்டுவந்து வேலை செய்தார்கள். ஒன்பது பேருக்கு நோய். இறந்தது ஒருவர், ஆய்வகத்துக்குள் கால் வைக்காதவர்: நோயுற்ற மாணவி ஒருவரைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்ட அவருடைய தாய்.

13. விமானத்துக்கு நேரமானால்

தைவானில் மிக உயர்ந்த, நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம். 2003 டிசம்பரில் ஆய்வாளர் ஒருவர் கழிவுப்பை கசிந்திருப்பதைக் கண்டார். மறுநாள் மாநாட்டுக்குப் பயணம். ஆல்கஹால் தெளித்து, சற்றுப் பொறுத்து, மூடிய பெட்டியைத் திறந்து கையாலேயே துடைத்தார். மாநாடு எங்கே? சிங்கப்பூரில். முடித்து ஊர் திரும்பிய நாளில் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போகாமல் சில நாள் வீட்டிலேயே இருந்தார், அது சார்ஸ்தான். இங்கே அவரைச் சந்தித்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்த வேண்டியதாயிற்று. கட்டடத்துக்கு எத்தனை கோடி செலவானாலும், ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவருக்குக் கை இரண்டுதான். ஆகவே கழிவை எப்போதும் வெள்ளிக்கிழமை கடைசி வேலையாக வையுங்கள்.

14. வீட்டுப்பாடம்

வார இறுதியிலும் கை பழகட்டும். சமையலறையில் பச்சை இறாலுக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஒரே பலகை, ஒரே கத்தி. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று இருவர் இறந்தபோது, பிடிபட்ட விப்ரியோ கிருமி பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த பண்டத்துக்குத் தாவியிருக்க வேண்டும் என்றார்கள். பதினோராம் பாடம்தான், சட்டி மட்டும் வேறு.

அடுத்து கொசு. ஈசூன்வாசிகளுக்கு இதில் தனிச்சலுகை உண்டு. ஆய்வக நுட்பம் நம் புளோக் படிக்கட்டுக்கே வந்து சேர்ந்த ஊர் இது. 2016இல் தொடங்கிய வோல்பாக்கியாத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மூன்று பகுதிகளில் நம் நீ சூன் ஈஸ்ட்டும் ஒன்று. நடத்துவது அதே சுற்றுப்புறச் சுகாதாரக் கழகம். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசுவை அவிழ்த்துவிடுவார்கள். அது ஊர்க் கொசுவோடு இணைந்தால் முட்டை பொரிக்காது. ஆண் கடிக்காது, பெண் கடிக்கும். ஆகவே வேலையின் உயிர்நாடி ஆண்-பெண் பிரிப்பது: கூட்டுப்புழுவின் உருவ அளவை வைத்துப் பிரித்து, தப்பி வந்த பெண்ணும் முட்டை பொரிக்காதபடி எக்ஸ்ரே காட்டி அனுப்புகிறார்கள். 2019இல் அங் மோ கியோவில் திறந்த கூடத்தில் வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசு வரை வளர்க்க முடியும். முதலில் தரைத்தளத்தில் விட்டுப் பார்த்தார்கள். மேல்மாடிக் கொசுக்களுக்கு மாப்பிள்ளை போதாததால், பிறகு மாடிகளிலும் விட்டார்கள். ஈசூனிலும் தெம்பனிசிலும் ஏடிஸ் கொசு 98 விழுக்காடு வரை குறைந்தது.

இவ்வளவு பெரிய வேலையை ஒரு குடும்பம் தனியாகக் கெடுக்க முடியுமா? முடியும். பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நிற்கட்டும், ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். தாழ்வாரத்தில் வைத்திருக்கும் கறுப்புக் கொசுப்பொறிக்குள் சிகரெட் துண்டு, தேத்தண்ணீர்ப் பை, எது கையில் இருக்கிறதோ அதைப் போடுங்கள். திட்டத்தின் ஊழியர் வந்து விட்டுப்போன ஆண் கொசுக்களை மின்மட்டையால் அடித்து, எண்ணி, குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போடுங்கள்: 'பாருங்க, வந்துட்டுப் போனதும் எவ்ளோ கொசு!' பழைய தட்டில் முட்டையிட வரும் பெண் கொசுவை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள்.

15. அடுத்தவருக்குக் கற்றுக்கொடுங்கள்

ஆறு மாதத்தில் நீங்கள் மூத்தவர். புதிதாக ஒரு தங்கச்சி வருவாள், காத்திப்பிலோ செம்பவாங்கிலோ இருந்து, குறிப்பேடும் புதுப் பேனாவுமாக. அவளுக்குப் பயிற்சி கொடுப்பது உங்கள் பொறுப்பு. சாப்பாட்டுக்கு முந்திய இருபது நிமிடம் போதும். இது ஹூட், இது ஃப்ரீசர், இந்த மணி அடித்தால் இங்கே அழுத்து. பயிற்சிப் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் இன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஏன் அண்ணே இப்படிச் செய்றோம் என்று கேட்டால், இங்க எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லுங்கள். எந்த டியூபை எடுக்கட்டும் என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம்.

"மூணாவது தட்டு. 'புதுசு 2'ன்னு போட்டிருக்கும் பாரு. எழுத்து அழிஞ்சிருந்தா, அதுதான்."